குறைவு ரூபாய் பத்து

பாபநாசம் கடைசி வண்டி பணிமனைக்குள் திரும்பும்போது
மணி பதினொன்று நாற்பது.
கொம்பையா அண்ணாச்சி பையைக் கவிழ்க்கிறார்.
நோட்டு, சில்லறை,
யார் தலையிலிருந்தோ உதிர்ந்து
நசுங்கிய ஒரு பிச்சிப்பூ.

டவுன் ரதவீதியில் வாங்க மறுத்த
பத்து ரூபாய்க் காசெல்லாம் எங்களிடம்தான் வரும்.
செல்லாது என்று எவனோ சொன்னான்,
ஊர் நம்பிவிட்டது.
வங்கிக்காரர்கள் நோட்டீஸ் ஒட்டிப் பார்த்தார்கள்,
பருப்பு வேகவில்லை.
பஸ்ஸுக்கு மட்டும் மறுக்க வாயில்லை.
பத்துப் பத்தாய் அடுக்கி நூறாக்குகிறேன்.
கண் சொக்கினாலும்
விரல் சொக்காது இந்த வேலையில்.

ஏழாவது அடுக்கில் ஒன்று உள்வாங்கி நின்றது.
அதே பொன்நிற வளையம், அதே வெள்ளை நடு,
ஒரு சுற்றுச் சின்னது.
சிங்கம் இருக்கவேண்டிய இடத்தில்
யாழ்.

"என்ன அண்ணாச்சி இது?"
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.
"கல்லிடைக்குறிச்சியில ஏறின கூட்டம்மா.
யாரு குடுத்தான்னு எதைக் கண்டேன்,
இருட்டுல வளையந்தான் தெரிஞ்சுது."

பேரேட்டில் அயல்நாட்டுக் காசுக்குக் கட்டம் கிடையாது.
எழுதினேன்: குறைவு ரூபாய் பத்து.
சட்டைப்பையில் துழாவி எடுத்து வைத்தார்,
அதுவும் காசாகவே.

சித்தி மகள் எப்சிபாளுக்குப் படம் அனுப்பினேன்.
அயர்லாந்தில், கார்க் என்ற ஊரில், இரவு நர்ஸ்.
"இது எங்க ஊர்க் காசுல்லா" என்றாள்.
பாளையங்கோட்டைக்காரி
"எங்க ஊர்" என்றதை
கேட்காததுபோல் கேட்டுக்கொண்டேன்.

ஒரு பக்கம் எல்லா நாட்டுக்கும் பொதுவாம்,
மறுபக்கம் அவரவர் இஷ்டமாம்.
ஒருத்தர் ராஜா போடுவார், ஒருத்தர் கழுகு,
ஒருத்தர் மரம்.
யாழ் போட்டது லிஸ்பனில் செல்லும்,
கழுகு போட்டது அவள் தெரு ரொட்டிக் கடையில் செல்லும்.
இருபது நாட்டுச் சொச்சத்தில்
யாரும் திருப்பிப் பார்ப்பதில்லையாம்.
எங்கள் ரதவீதியில்
ஒரே சிங்கத்தை
திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
வேண்டாம் என்கிறார்கள்.

நோட்டில் பாலங்கள் இருக்கிறது என்றாள்,
எந்த ஆற்றின் மேலும் இல்லாத பாலங்கள்.
ஒரு நாட்டுப் பாலத்தைப் போட்டால்
இன்னொன்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளும் என்று
இல்லாததாகப் பார்த்து வரைந்தார்களாம்.
மறுநாள் சுலோச்சன முதலியார் பாலத்தில்
நெரிசலில் ஒற்றைக்கால் ஊன்றி நின்றேன்.
இதற்கு ஆள் பெயர் இருக்கிறது.
கீழே ஆறு, ஆற்றில் எருமை, எருமைமேல் கொக்கு.
இதை ஒரு நோட்டில் போட்டால்
முதலில் சண்டைக்கு வருவது
கொக்கிரகுளத்துக்காரனா, சிந்துபூந்துறைக்காரனா?
பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.

ஜங்ஷனில் பணம் மாற்றுகிற கடையில் நீட்டினேன்.
"நோட்டுன்னா குடுங்க. காசு எடுக்கதில்ல."
நூறு ரூபாய்க்குக் குறையாது அதன் மதிப்பு,
பக்கத்துக் கடையில்
ஒரு டீ வராது.

கொம்பையா திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டார்,
"எம் பத்து ரூபா" என்று.

இப்போது அது பணிமனையில் வேலை பார்க்கிறது.
தீபாவளி லீவு யாருக்கு,
செங்கோட்டை ராத்திரி நடை யாருக்கு,
சுண்டித்தான் முடிவு.
முதல் நாள் டிரைவர் மாசானமுத்து
பூவா தலையா என்று தொடங்கித்
தடுமாறிவிட்டார்.
பூவும் இல்லை, தலையும் இல்லை.
"யாழா, ஒண்ணா?"
அப்படியே பழகிவிட்டது.

நேற்றிரவு சுண்டியது
மாசானமுத்து கைக்குத் தப்பி உருண்டு
டீசல் பம்புக்கு அடியில் போய்விட்டது.
மூன்று பேர் காக்கியோடு குப்புறப் படுத்து
டார்ச் அடிக்கிறார்கள்.
"தெரியுதா?"
"வளையம் தெரியுது."
"எந்தப் பக்கம்ல?"
கை எட்டவில்லை.
நான் பேரேட்டை மூடாமல் உட்கார்ந்திருக்கிறேன்,
பேனா மூடி வாயில்.
லீவு இன்னும் யாருக்கும் இல்லை.